அலை நின்ற நாற்பது நிமிடம்

பொய் சொல்வதற்குக்கூட எதிராளி மேல் கொஞ்சம் மரியாதை வேண்டும். அவளுக்கு அது யார் மேலும் கிடையாது. அதனால்தான் அவள் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடந்தது இதுதான்.

மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. ஒலி புகாத சின்ன அறை, ஒரு சாண் தடிமனில் கதவு. உள்ளே உட்காருகிறவர் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். யாரோ தன்னைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்று வருகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. 'காதிரைச்சல்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

அவர்களைவிட ஆகாதவர் ஒருவர் உண்டு. கணவரின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் அவர் கேப்டன். கப்பல் ஓட்டியவர் அல்ல. மரச்சாமான் கிடங்கின் மேலாளர். வெளியூர்ப் பயணம் என்றால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு எல்லோரையும் மேய்ப்பார், அதனால் வந்த பெயர். அதையும் அவரே வைத்துக்கொண்டார் என்பது அவள் கட்சி.

முறைப்படி அவர் அவளுக்கு அத்தான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அந்தச் சொல் ஒரு தடவைகூட அவள் வாயில் வந்ததில்லை. நேரில் 'இங்க பாருங்க'. முதுகுக்குப் பின்னால் 'அந்த மனுஷன்'. அவரும் சளைத்தவர் அல்ல. அவள் பார்ப்பதைக் 'காது குடையற உத்தியோகம்' என்பார்.

கடற்கரை ஓரமாகவே மூன்று நாள் வேனில் போவது, ராத்திரியில் கூடாரம் போட்டுத் தங்குவது. இது கேப்டனின் திட்டம். அவர், அவர் மனைவி, இவள், இவள் கணவர், ஆறு வயது மகள். மொத்தம் ஐந்து பேர். மறுக்கலாம் என்று பார்த்தாள். அண்ணன் சொல்லுக்குக் கணவர் எந்தக் காலத்தில் மறுப்பு சொன்னார்?

இரண்டாம் நாள் மாலை 5:10. ஒரு பாறை முனையைத் தாண்டி வேன் நின்றது. ஆளரவமே இல்லாத மணல். கடைசியாகக் கடந்த ஊர் ஒன்பது கிலோமீட்டருக்குப் பின்னால். கேப்டன் இறங்கி, இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தார். தான் வாங்கிப்போட்ட சொத்தைப் பார்ப்பதுபோல.

கூடார முளைகளை உலர்ந்த மணலில் அடித்தார். ஒவ்வொன்றும் பல் ஆடுவதுபோல் ஆடிப் பிடுங்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவை கூடாரம் அவர் தலையிலேயே சரிந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சாப்பிடும்போது அவர் அலைகளின் குணம், காற்றின் திசை என்று பாடம் எடுத்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாருங்க. பக்கெட் தண்ணியில குளிக்கும்போதே உங்களுக்கு மூச்சு முட்டும். நீங்க கடலைப் பத்திப் பேசாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஓரகத்தி தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்துபோனாள். இதுவே கடைசிப் பயணம் என்று இவள் முடிவு செய்துகொண்டாள். 9:15-க்கு இரண்டு கூடாரத்து ஜிப்பும் மூடின. இரண்டுக்கும் இடையில் ஐந்தடி.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி. எட்டு நொடிக்கு ஒன்று வந்தது. அப்புறம் பத்துக்கு ஒன்று. அப்புறம் பதினைந்துக்கு ஒன்று...

கைபேசியைப் பார்த்தாள். 2:21.

அடுத்த அலை வரவில்லை.

காற்றும் இல்லை. கூடாரத் துணி அசையவில்லை. அப்படி ஓர் அமைதியை அவள் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு சாண் கதவைச் சாத்திய பிறகு. திறந்த கடற்கரையில் அது இருக்கவே முடியாது.

அப்போது குரல் கேட்டது.

"எல்லாரும் எந்திரிங்க. தண்ணி ஏறுது. இந்தப் பக்கம் வாங்க."

கேப்டன். அதே அதிகாரம், அதே மூக்கால் பேசுகிற தோரணை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி இரண்டரை மணிக்கும் நாட்டாமையா? தண்ணீர் வந்தால் வரட்டும். இந்த மனுஷன் சொல்லி எழுவதைவிட நனைவதே மேல் என்று புரண்டு படுத்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க. தண்ணி ஏறுது. இந்தப் பக்கம் வாங்க."

அதே சொற்கள். அதே இடைவெளி. அதே ஏற்ற இறக்கம்.

ஏதோ இடித்தது. மனிதர்கள் பேசும்போது நடுவில் மூச்சு வாங்குவார்கள். அந்தச் சின்னச் சத்தத்தை அவள் பதினோரு வருடமாகக் கேட்டுப் பழகியவள்.

இந்தக் குரலில் மூச்சு இல்லை.

இன்னொன்று. 'இந்தப் பக்கம்' என்ற குரல் வந்தது கடல் பக்கமிருந்து.

இரண்டு காதையும் விரலால் அழுத்தி அடைத்தாள்.

குரல் குறையவில்லை.

பக்கத்தில் கணவர் எழுந்து உட்கார்ந்தார். கண் பாதி மூடியிருந்தது. அண்ணன் கூப்பிடுகிறார் என்று முணுமுணுத்தார். கை ஜிப்பைத் தேடியது.

ஒரு பல்... இரண்டு பல்... மெல்லத் திறந்தது.

அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். ஜிப் திறந்த இடைவெளியில் எதிர்க் கூடாரம் தெரிந்தது. உள்ளே டார்ச் எரிந்துகொண்டிருந்தது. துணியில் கேப்டனின் நிழல், தொப்பையும் வழுக்கையுமாக.

உட்கார்ந்திருந்தது.

இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி.

"எல்லாரும் எந்திரிங்க..." என்றது கடலிலிருந்து கேப்டனின் குரல்.

கணவரும் பார்த்தார்.

ஜிப்பை மூடினார்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் அவளை நடுவில் போட்டு, அவள் மேல் கைபோட்டுப் படுத்தார்கள்.

பேசவில்லை.

அசையவில்லை.

3:01.

ஓர் அலை வந்து விழுந்தது.

விடிவதற்குள் மூட்டை கட்டினார்கள். விசில் இல்லை, உத்தரவு இல்லை. கேப்டன் முளைகளைப் பிடுங்கி அப்படியே வேனில் எறிந்தார். இருட்டு பிரியாத நேரம். கீழே மணலை யாரும் பார்க்கவில்லை. 5:20-க்கு வேன் கிளம்பியது. மீதி நாளை ரத்து செய்துவிட்டு, வழியில் எங்கும் நிற்காமல் வீடு வந்தார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் கேப்டன் மருத்துவமனைக்கு வந்தார். 'காது குடையற' இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சோதனை அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அவளையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அன்னிக்கு உனக்கு யார் குரல் கேட்டுச்சு?"

"உங்க குரல்தான். வேற யாரு எனக்கு உத்தரவு போடுவா?"

அவர் தலையாட்டினார்.

"எனக்கு உன் குரல் கேட்டுச்சு. 'அத்தான், தண்ணி வருது, கொஞ்சம் வாங்களேன்'னு. நாலு வாட்டி. நாலாவது வாட்டி அழுதுச்சு."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பின்ன ஏன் போகலை?"

"நீயாவது, என்னை அத்தான்னு கூப்பிடறதாவது."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார். அவர் மேல் ஒரு நொடி இரக்கம் வந்ததாம் அவளுக்கு. உடனே அதை விழுங்கிவிட்டாளாம்.

மறுநாள் காலை 10:40-க்கு ஒரு போன் வந்தது. கரையோரக் காவல் அதிகாரி. நெடுஞ்சாலைக் கேமராவில் வேனின் எண்ணைப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறார். பாறை முனைக்கு மறுபுறம் அன்று இன்னொரு கூடாரம் இருந்ததாம். கல்யாணமாகிப் பதினோரு நாளே ஆன ஒரு ஜோடி. காலை ஏழரைக்கு ரோந்து போனபோது ஜிப் திறந்து கிடந்தது. உள்ளே செருப்பு, கைபேசி, கண்ணாடி எல்லாம் வைத்தது வைத்தபடி. ஆட்கள் இன்றுவரை கிடைக்கவில்லை.

காலடித் தடம் மட்டும் கிடைத்தது. இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று விலகி, நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. ஓடவில்லை. நிதானமாக நடந்திருக்கிறார்கள். ஒருவர் குரலை ஒருவர் நம்பியிருப்பார்கள், வேறென்ன? அன்புள்ளவர்கள்.

தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு அவள் போனை வைக்கப் போனாள். அவர் விடவில்லை.

"இன்னொண்ணும்மா. தண்ணியிலேர்ந்து திரும்பி வந்த தடம் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு ஆள். அது அந்த ஜோடி கூடாரத்துக்குப் போகலை. பாறையைச் சுத்தி உங்க கூடாரம் இருந்த இடத்துக்கு வந்திருக்கு. ரொம்ப நேரம் நின்னிருக்கு. அங்கேர்ந்து உங்க வேன் நின்ன இடம் வரைக்கும் போகுது."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல. அதோட முடிஞ்சுடுச்சு. நீங்க திரும்பி வரும்போது வேன்ல எத்தனை பேரும்மா இருந்தீங்க?"

ஐந்து பேர் என்றாள். அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. இரண்டு வீட்டிலும் இப்போதும் ஒருவரையொருவர் கரித்துக்கொட்டுகிறார்கள். கேப்டன் போன் செய்தால் முதலில் திட்டுவார். அவள் திருப்பித் திட்டுவாள். பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள்.

ஆனால் சில ராத்திரிகளில், வாசல் கதவுக்கு வெளியே யாராவது அன்பாகக் கூப்பிடுவது உண்டாம்.

யாரும் எழுந்து போவதில்லை.