தெருவில் போட்ட முக்காலி

ட்ரூடி வஸ்கோவுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. தெரியாத விஷயம் என்றால் அபிப்பிராயம் இன்னும் கொஞ்சம் சத்தமாக வரும். பிட்ஸ்பர்க் நகரத்தில் ஆயுசில் பாதி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எங்கள் மேட்டுத் தெருக்களில், பனி உறைந்த காலையில், வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறங்கிப் பழகியவளிடம் போய்த் தயக்கத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமைகளிலும் கல்யாணங்களிலும் அக்கார்டியன் வாசிப்பாள். இந்தப் பக்கத்தில் போல்கா ஆட ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது வஸ்கோ குழுவைத்தான்.

கணவர் ஆண்டி போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு வீடு பெரிதாகிவிட்டது. தெருவிலிருந்து வாசற்கதவு வரைக்கும் படிகள், கதவுக்கு உள்ளேயும் படிகள். அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டு ஏறும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சின. விற்றுவிடுவது என்று முடிவு செய்த அன்றே, வீடு சீக்கிரம் விலை போக நாங்கள் எல்லோரும் செய்வதைப் போல, புனித சூசையப்பர் சுரூபம் ஒன்றை வாங்கித் தோட்டத்தில் தலைகீழாகப் புதைத்தாள். ஒரே வாரத்தில் வீடு விலை போனது. சூசையப்பர் உதவினார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். சரியான ஆழத்தில் புதைக்கத் தெரிய வேண்டும் என்று ட்ரூடி சொன்னாள்.

விற்றது சுலபம், வாங்குவதுதான் பாடாகப் போயிற்று. செப்டம்பர் முடிவதற்குள் பழைய வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவள் ஒருத்தியின் ஓய்வூதியத்தை நம்பி நல்ல வீடு கிடைக்காது. கிடைத்தாலும் தனியாக உட்கார்ந்து காப்பி குடிக்கிற ஜென்மம் இல்லை அவள். கூட ஒருத்தி வேண்டும். அது ரீட்டா கோசராகத்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ட்ரூடியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ரீட்டா அந்தக் குழுவில் டிரம் வாசிப்பவள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மாலை நேர வேலை. அவளுக்கு மிகவும் பிடித்த சொல் ‘வேண்டாம்’. மேடையில் ட்ரூடிக்கு உற்சாகம் பிறந்துவிட்டால் பாட்டு தாளத்தை மீறி ஓட ஆரம்பிக்கும். ரீட்டாவின் டிரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு அடி முன்னால் ஓடிய ட்ரூடி திரும்பிப் பார்த்து, முறைத்து, வேறு வழியில்லாமல் டிரம்முக்கே திரும்பி வருவாள். ‘இந்தப் பொம்பளையோட பிடிவாதம் இருக்கே’ என்று ட்ரூடி ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் புலம்புவாள். ஆனால் வேறு டிரம்காரரைத் தேடியதில்லை.

வீட்டுத் தரகர் க்ளென் பாஸ்டர் இருவரையும் கூட்டிக்கொண்டு அலைந்தார். முதல் வீட்டுக்குப் படிகள் அதிகம் என்று ரீட்டா வேண்டாம் என்றாள். அடுத்த வீட்டின் பக்கத்தில் ஊளையிடும் நாய் இருந்தது. ட்ரூடி அக்கார்டியனை எடுத்தால் அதுவும் சேர்ந்து பாடும் என்று அதையும் வேண்டாம் என்றாள். மூன்றாவதாகப் பார்த்தது ஆல்டர் தெருவில் குறுகலான செங்கல் வீடு. அதிசயமாக, வாசலில் படியே இல்லை. தெருவைப் பார்த்து வளைந்து நீட்டிய பெரிய ஜன்னல், அதில் உட்கார்ந்தால் போகிற வருகிற எல்லோரைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லலாம். நிலவறையின் நட்டநடுவில், மறைக்க ஒரு சுவர்கூட இல்லாமல், எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் எல்லாம் இருப்பதைப் போல ஒற்றைக் கழிப்பறைப் பீங்கான். ட்ரூடிக்கு மனம் அங்கேயே குடியேறிவிட்டது.

ரீட்டா சமையலறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

“இருட்டா இருக்கு. நீ காலைல லைட்டே போட மாட்ட. என்னைக்காவது வெந்நீரைக் கால்ல கொட்டிக்குவ. வேண்டாம்.”

“உன்னை வச்சுக்கிட்டு வீடு தேடினா கடைசில கல்லறைலதான் இடம் பார்க்கணும் போல.”

“அந்தக் கல்லறையும் மேட்டு மேலதான் இருக்கு. ஏற மாட்ட.”

க்ளென் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ட்ரூடிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே அதே வீட்டைப் பார்க்க ஷார்லீன் மாட்டிஸைக் கூட்டிக்கொண்டு போனாள். ஷார்லீன் கோயிலில் குலுக்கல் சீட்டு விற்பவள், பஞ்சு மாதிரி மனுஷி. ஜன்னல் அழகு என்றாள், இருட்டுச் சமையலறை குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள், நிலவறையில் தனியாக நின்ற பீங்கானைப் பார்த்து அதுவும் அழகுதான் என்றாள். அவளிடம் காரும் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம், அது ட்ரூடியின் காருக்கே சரி. ரீட்டாவோ டிரம்களை ஏற்றிக்கொண்டு திரியும் ஒரு பெரிய வேன் வைத்திருக்கிறாள். ஷார்லீன் என்றால் அந்தச் சண்டையும் மிச்சம்.

வாசலில் வண்டி நிறுத்தும் இடம் என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்கு முன்னால் தெருவோரத்தில் நாற்காலி போட்டிருந்தால் அந்த இடம் அந்த நாற்காலிக்காரருடையது. சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, ஆனால் போலீஸ்காரரே அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அவரவர் நாற்காலி அவரவருக்கு. ட்ரூடியின் மஞ்சள் நாற்காலியைத் தெரியாதவர்கள் இந்த மேட்டில் இல்லை. அடுத்தவர் நாற்காலியை எடுத்துவந்து தன் வாசலில் போட்டவர் என்று இதுவரை ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

அது அதிபர் தேர்தல் வருஷம். ஆகஸ்ட் மாதம். வேட்பாளர் தனக்குத் துணையாக, துணை அதிபர் பதவிக்கு யாரை நிறுத்தப் போகிறார் என்று நாடே காத்துக்கொண்டிருந்தது. எங்கள் கோயில் சமையலறையும் காத்திருந்தது. திருவிழாவுக்காகப் பெண்கள் எல்லோரும் நீள மேசையைச் சுற்றி நின்று, மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கு மசியலை வைத்து ஓரம் கிள்ளி, பியரோகி மடித்துக்கொண்டிருந்தார்கள். கை ஓடினால் வாயும் ஓடும். பக்கத்து மாநிலமான ஓஹையோவிலிருந்து ஒருவரை நிறுத்தினால் அங்கே ஓட்டு விழும் என்றாள் ஒருத்தி. ஓஹையோக்காரனுக்கு ஓட்டுப் போடுவதற்குப் பதில் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றாள் இன்னொருத்தி. தொலைக்காட்சியில் பார்க்க லட்சணமாக இருந்தால் போதும் என்றாள் பாலின் க்ராஸ்கா, மேசையிலேயே வயதில் மூத்தவள்.

ட்ரூடி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். ரீட்டா மேசையின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தாள்.

“ரெண்டாவதா வர்றவங்க வாயத் திறக்கக் கூடாது. முதல் ஆளு இடது பக்கம் போனா இடது பக்கம், வலது பக்கம் போனா வலது பக்கம். எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னு நிக்கிற ஆளை வச்சுக்கிட்டு எதை ஜெயிக்கிறது? நானே பார்த்துட்டேன். ஆல்டர் தெரு வீட்டுக்கு என்கூட ஷார்லீன் வர்றா.”

ஷார்லீன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். ரீட்டா கையிலிருந்த பியரோகியின் ஓரத்தை, எப்போதும் கிள்ளுவதைவிடக் கொஞ்சம் நிதானமாகக் கிள்ளி, தட்டில் வைத்து, அடுத்ததை எடுத்தாள். அவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ட்ரூடிக்கே அப்போதுதான் உறைத்தது. உறைத்ததை உடனே உதறியும்விட்டாள்.

ரீட்டா திருவிழாவுக்கு வருவாளா என்று எங்களுக்குள் பேச்சு ஓடியது. நேரத்துக்கு வந்தாள். டிரம்களை இறக்கினாள், தன் முக்காலியைப் போட்டாள், உட்கார்ந்தாள். கறுப்புத் தோல் வைத்த மூன்று கால் முக்காலி. அந்தத் தோலை அவளே இரண்டு முறை மாற்றித் தைத்திருக்கிறாள். ஒரு முகக்கோணல் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று ட்ரூடி நினைத்துக்கொண்டு முதல் போல்காவைத் தொடங்கினாள்.

கூட்டம் நன்றாக இருந்தது. ட்ரூடிக்கு வழக்கம்போல உற்சாகம் பிறந்து, பாட்டு கொஞ்சம் ஓடியது. டிரம்மும் ஓடியது. ஆஹா, இன்றைக்குத்தான் இவளுக்குக் கை இளகியிருக்கிறது என்று ட்ரூடி இன்னும் கொஞ்சம் விரட்டினாள். டிரம் ஒரு மயிரிழை பிசகாமல் கூடவே வந்தது. அக்கார்டியன் பொத்தான்களில் ட்ரூடியின் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நிறுத்திப் பிடிக்க ஆள் இல்லாததால் எங்கே நிற்பது என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே முதலில் இளசுகள் சிரித்தார்கள், பிறகு கால் தடுக்கி ஒதுங்கினார்கள். ஒரு வருஷம்கூட விடாமல் ஆடும் டூடெக் தம்பதி பாதியிலேயே நின்றுவிட்டார்கள். கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொள்ள, அவர் மனைவி மேடையைப் பார்த்துக் கையை விரித்தாள். பாட்டு முடிந்தபோது ஆடுகளம் காலி.

ட்ரூடி வியர்வையோடு திரும்பினாள். “ஏண்டி பிடிச்சு நிறுத்தல?”

“ரெண்டாவது ஆளு மறுத்துப் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் ட்ரூடியைச் சுட்டது. அன்று மிச்சப் பாட்டுகளையும் ரீட்டா அப்படியே வாசித்தாள், ட்ரூடி எங்கே போனாலும் பின்னாலேயே. அத்தனை பேர் நடுவில் மேடையில் தன்னந்தனியாக நிற்பதைப் போல இருந்தது ட்ரூடிக்கு. ஆண்டி செத்த வருஷத்தில்கூட அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை. கச்சேரி முடிந்ததும் ரீட்டா டிரம்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். முக்காலி மேடையிலேயே கிடந்தது. மறந்துவிட்டாளா, வேண்டுமென்று விட்டுப் போனாளா, தெரியாது. ட்ரூடி அதைத் தன் காரில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த சில நாட்களில் வேட்பாளர் தன் துணையை அறிவித்தார். கட்சிக்குள் நடந்த போட்டியில் ஊர் ஊராகப் போய் அவரைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே ஆள். கோயில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். ட்ரூடி மட்டும் துடைத்த தட்டை அடுக்கிவிட்டு, மனுஷன் சரியான காரியம் செய்திருக்கிறார், தன்னை நிறுத்தத் தெரிந்த ஆளைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வழங்கினாள்.

“போன வாரம் வேற மாதிரில்ல சொன்ன,” என்றாள் பாலின்.

“போன வாரம் அவரு இன்னும் அறிவிக்கல.”

அன்றே ஷார்லீனிடம் போய், வீட்டு விஷயத்தில் மனம் மாறிவிட்டது என்றாள். அதுவும் நல்லதுதான் என்றாள் ஷார்லீன். ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கையிடமும் வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாளாம், இரண்டு பேரிடமும் எப்படி மறுப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாளாம்.

மிச்சம் இருந்தது ரீட்டா. உலகத்தில் எல்லாவற்றுக்கும் வார்த்தை வைத்திருந்தவளுக்கு, மன்னித்துக்கொள் என்ற ஒன்று மட்டும் வரவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டு வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாள். ரீட்டாவும் வானிலையைப் பற்றியே பதில் சொன்னாள். நாளோ ஓடிக்கொண்டிருந்தது. பழைய வீட்டை வாங்கியவர்கள் திரைச்சீலைக்கு அளவெடுத்துப் போய்விட்டார்கள். துணைக்கு ஆள் வரும் என்று க்ளென்னிடம் அடித்துச் சொல்லி, ட்ரூடி ஆல்டர் தெரு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். ரீட்டா வராவிட்டால் அந்த வீட்டில் ஒரு குளிர்காலத்தைக்கூட ஓட்ட முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சாவி கைக்கு வந்த அன்று மத்தியானம் ட்ரூடி தன் காரை மேட்டின் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, வலிக்கிற முழங்காலோடு மேலே நடந்து வந்தாள். ஒரு கையில் ரீட்டாவின் முக்காலி. புது வீட்டு வாசலில், வண்டி நிறுத்தும் அந்த ஒரே இடத்தில், அதை நடுவாகப் போட்டாள். பிறகு உள்ளே போய், சாமான் எதுவும் வராத அறையில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரீட்டா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அதுதான்.

யாரோ ஒருவன் காரைப் பின்னால் எடுத்து முக்காலியை இடிக்கப் பார்த்தான். ட்ரூடி ஜன்னலைத் தூக்கி, “அது ஆள் இருக்கிற இடம்,” என்றாள். பள்ளிப் பேருந்துக் குரல். அவன் மறு பேச்சில்லாமல் போய்விட்டான்.

தூறல் விழத் தொடங்கிய நேரத்தில் வேன் வந்தது. முக்காலிக்கு நேராக வந்ததும் வேகம் குறைந்தது. ட்ரூடி எழுந்தாள். வேன் நிற்கவில்லை. அப்படியே நகர்ந்து தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டது. ட்ரூடி மறுபடி உட்கார்ந்தாள். இந்த வீட்டைத் தனியாக வைத்துக்கொண்டு இனி என்ன செய்யப் போகிறோம் என்று கண்ணில் நீர் முட்டியது.

ஆல்டர் தெரு ஒருவழிப் பாதை. தாண்டிப் போனவர்கள் திரும்பி வர வேண்டுமானால் மேட்டையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். வேன் சுற்றிக்கொண்டு வந்தது. தெரு நடுவில் நின்றது. ரீட்டா இறங்கி, முக்காலியின் தோலைத் தன் சட்டை முனையால் துடைத்து, எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேனை ஒரே திருப்பில் அந்த இடத்துக்குள் நுழைத்தாள். ட்ரூடி கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

“தோலை மழைல போட்டு வச்சிருக்க.”

“உன் வேன் நிக்கிற இடம், அதான் போட்டேன்,” என்றாள் ட்ரூடி.

ரீட்டா அவளைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனாள். சுற்றிலும் பார்த்தாள். முக்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் இருட்டாத்தான் இருக்கு. அந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வைக்கணும்.”

ட்ரூடி அந்தச் சுவரைப் பார்த்தாள். அதைப் பற்றி அவளுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது.

“சரி,” என்றாள்.