அம்மா உவர் என்று சொன்ன கிணறு

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கு ஒரு சிறுவயது நினைவு எழுதித் தரவேண்டும் என்று சொன்னபோது, கூட்டத்தில் வாய் திறக்காத நான் எழுதியும் தரமாட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதில் பிழைகள் இருக்கும். மறதியில் முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வந்திருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நினைவு இங்கே கனடாவில், அஜக்ஸில் வீடு பார்க்கப் போன இடத்தில்தான் வந்தது. போன வருடம் பனி விட்டதிலிருந்து மகனும் மருமகளும் வீடு பார்த்தார்கள். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ற்றில் பேத்திகள் மூன்று பேருக்கும் ஒரே அறை. மூத்தவள் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து படிப்பாள். அஜக்ஸில் எங்கே பார்த்தாலும் வீடு முளைக்கிறது. ஒரு கிழமை வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் அடுத்த கிழமை மரச்சட்டம் நிற்கும். மரங்கள்தான் இன்னும் வளரவில்லை. கம்போடு சேர்த்துக் கட்டிய கன்றுகள் வீட்டுக்கு ஒன்றாக நின்றன.

எனக்குள் ஒரு கவலை இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என் பிள்ளையின் தகப்பனை ஸ்காபரோச் சேமக்காலையில்தான் அடக்கம் செய்தோம். அப்பார்ட்மென்ற் வாசலில் ஒரு பஸ் எடுத்தால் அதன் கேற்றடியில் இறங்கலாம். ஒரு சொல் ஆங்கிலம் பேசாமல், ஒருவரையும் கரைச்சல் படுத்தாமல், நான் தனியாகப் போய்வருகிற இடம் இந்த நாட்டில் அது ஒன்றுதான். அஜக்ஸுக்குப் போய்விட்டால் பஸ் மாறி மாறி வரவேண்டும். அது என்னால் முடியாது.

மூன்றாவதாகப் பார்த்த வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. படி ஏறத் தேவையில்லாமல் கீழேயே எனக்கு ஓர் அறை இருந்தது. மகன் பேஸ்மென்ற்றுக்குப் போய் ஈரம் இருக்கிறதா என்று சுவரைத் தடவினான். மருமகள் குசினி அலுமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள். வீடு காட்டிய ஏஜென்ற் தம்பி எங்கள் ஆள்தான். நானும் ஏதாவது பார்க்கவேண்டும், கேட்கவேண்டும் என்று வற்புறுத்தினார். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. குசினிக் குழாயைத் திறந்து ஒரு கை ஏந்தி வாயில் வைத்தேன்.

ஏஜென்ற் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அன்ரி, உது நீங்கள் ஸ்காபரோவில குடிக்கிற அதே லேக் தண்ணிதான்" என்றார்.

"மாமி பாஸ் பண்ணினாத்தான் நாங்கள் ஒஃபர் போடுவம்" என்று மருமகளும் பகிடி விட்டாள். மகன் மட்டும் சிரிக்கவில்லை.

"தண்ணி எப்பிடியம்மா?" என்றான்.

நான் தண்ணீரை வாய்க்குள் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் குருநகரில், கடலுக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்கு அம்மா காலையும் மாலையும் குடத்தோடு றோட்டுக் குழாயடிக்குப் போய் வரிசையில் நிற்பார். குடம் வைத்து வைத்து அவருடைய இடுப்பின் ஒரு பக்கம் காய்த்துப் போயிருந்தது.

ஒரு வீடு வளவு வாங்குவதென்றால் எங்கள் சனம் முதலில் கிணற்றைத்தான் பார்க்கும். தண்ணீர் பார்ப்பதில் அம்மாவுக்குப் பெயர். வளவு பார்க்கப் போன அயலவர்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுப்பார்கள். அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "பருப்பு அவியாது" என்று சொன்னால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்து, நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் செத்துப்போனான். கோயிலுக்குப் பக்கத்துச் சேமக்காலையில் வைத்தோம். ஞாயிறு பூசை முடிந்தால் அம்மா நேரே வீட்டுக்கு வரமாட்டார். அங்கே போய்க் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவார். எனக்கோ பசி. இல்லாத புல்லைத் தேடித் தேடிப் பிடுங்குகிறாரே என்று எரிச்சலாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் ஐயா, என் தகப்பனார், உரும்பிராயில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று அறிந்துவந்தார். செம்மண் ஊர், தண்ணீருக்குப் பெயர்போன ஊர். இனி அம்மா குடம் தூக்கத் தேவையில்லை என்று ஐயாவுக்கு அன்று முழுக்கச் சந்தோசம். ஐயாவின் சைக்கிளில் நான் முன் பாரில், அம்மா பின் கரியரில். வெயிலுக்குள் நெடுந்தூரம் போனோம்.

வீட்டுக்காரர் ஒரு வயதானவர். கொழும்பில் இருக்கிற பிள்ளைகளிடம் போவதற்காக விற்கிறார். ஐயா தச்சு வேலை செய்தவர். கூரை வளைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வைரமான மரம் என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். பிறகு கிணற்றடிக்குப் போனோம். வீட்டுக்காரர் தானே ஒரு வாளி அள்ளிக் கொடுத்தார். அம்மா கையில் ஏந்தி ஒரு வாய் வைத்தார். கனநேரம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு துப்பினார்.

"உவர்" என்றார்.

வீட்டுக்காரரின் முகம் கறுத்துவிட்டது. "பிள்ளை, இந்தத் தண்ணியை உவர் எண்ட முதல் ஆள் நீர்தான்" என்றார். பிறகு வாளியை என் பக்கம் சரித்தார். "நீ குடிச்சுச் சொல்லு குஞ்சு. சின்னப்பிள்ளையள் பொய் சொல்லாதுகள்."

குடித்தேன். அவ்வளவு நல்ல தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. காய்ந்துபோன கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார். அந்த வயதிலும் எனக்கு ஆட்களுக்கு முன்னால் வாய் வராது. ஐயாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஐயா வாளியைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். உருசி பார்க்கிறவர் குடிக்கிறமாதிரி இல்லை, மடக்கு மடக்கென்று குடித்தார். வாளியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"ஓம் அண்ணை, உவர்தான். குறை நினையாதேங்கோ" என்றார்.

திரும்பி வரும்போது எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாமல் ஐயா நேரே போய்ச் சேமக்காலைக் கேற்றடியில் சைக்கிளை நிறுத்தினார். அன்று ஞாயிறும் இல்லை. அம்மா இறங்கி உள்ளே போனார். ஐயா சைக்கிளைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றார். எனக்குப் பாரில் இருந்து கால் விறைத்துவிட்டது. வீட்டுக்குப் போவோம் என்று சிணுங்கினேன். அம்மா வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் விடிய அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். பெயர்பெற்ற அம்மாவின் நாக்குக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது, அது ஐயாவுக்கும் தொற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். கன காலம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஜக்ஸ் குசினியில் மகன் இன்னும் என்னைப் பார்த்தபடி நின்றான். மேலே எந்த அறை ஆருக்கு என்று பேத்திகள் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீரை விழுங்கினேன்.

"நல்ல தண்ணி, தம்பி" என்று அவனிடம் சொன்னேன்.

அந்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மகனுக்கு வேலையில்லாத ஞாயிறுகளில் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போவான். எல்லா ஞாயிறும் கிடைக்காது. அங்கே மெசினால் புல்லு வெட்டிவிடுவார்கள், பிடுங்க ஒன்றும் மிஞ்சாது. நானும் குந்தியிருந்து தேடித் தேடிப் பிடுங்குகிறேன். காருக்குள் இருக்கிற சின்னப் பேத்தி பசிக்கிறது என்று கண்ணாடியைத் தட்டுவாள்.

மலர் போடுகிற பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் சங்கத்தில் உரும்பிராய் ஆட்கள் இருப்பார்கள். சந்தியால் உள்ளே திரும்பி, வாசலில் புளியமரம் நின்ற வீடு என்று ஞாபகம். அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா, அதன் தண்ணீர் நல்லதா உவரா என்று அவர்களிடம் ஒருக்கால் விசாரித்துவிட்டு இதைப் போடுங்கள். சின்ன வயதில் ஒரு வாய் குடித்த என் நாக்கை நம்பி, என் அம்மாவும் ஐயாவும் பொய் சொன்னார்கள் என்று அச்சில் வர எனக்குப் பயமாக இருக்கிறது.