குளிராத கடல்

ரொறொன்ரோ விமானக் காட்சியகத்தில் காவலுக்கு நின்ற அன்ரியின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கண்ணாடிப் பெட்டிகளைக் கடக்கும்போதெல்லாம் அது கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

உலகப்போர்க் காலக் குண்டுவீச்சு விமானமென்றால் எனக்குப் பைத்தியம். அத்திலாந்திக்கில் விழுந்த ஒன்றின் படத்தைக் காட்டி, அதிலிருந்த ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"விழுந்தாப் பிறகு எவ்வளவு நேரம் உயிரோட இருப்பினம், தம்பி?"

"அந்தக் குளிருக்கு ஒரு மணித்தியாலமும் தாங்காது, அன்ரி."

அவர் கை பொட்டுக்குப் போனது.

"ஊரில சண்டை நேரம் எங்கட இவர் மீன்பிடிக்கப் போன வள்ளத்தில குண்டு விழுந்தது. ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. எங்கட கடல் குளிராது, என்ன தம்பி?"

"ஓம் அன்ரி, குளிராது."

குளிராத கடலில் எவ்வளவு நேரம் என்பதும் எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை. கண்ணாடியில் குனிந்து பொட்டைச் சரிசெய்துகொண்டார்.