மதனமாலாவின்ரை பால்செம்பு

"அவள் கிணத்தடியிலை பாடுறாள். இவன் குதிரையிலை வாறான். தண்ணி கேக்கிறான்."

காத்துப்போன ரியூப்பைத் தண்ணிக்கை அமத்திப் பிடிச்சபடி தியாகலிங்கத்தார் கதை சொல்லத் துவங்கீட்டார். றேடியோவிலை பழைய பாட்டுப் போனால், அரியாலையிலை இவரின்ரை சைக்கிள் கடையிலை வேலை நடவாது. ஒட்டக் குடுத்தவன் நடந்துதான் வீட்டை போகவேணும். நான் ரெண்டுதரம் நடந்தனான்.

மனிசன் ஐம்பத்தேழிலை பட றீல் காவினவர். ரெண்டு தியேட்டருக்கும் படத்தின்ரை ஒரே கொப்பிதான். ஒண்டிலை ஓடி முடிஞ்ச றீலைச் சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு மற்றதுக்கு உழக்க வேணும். பிந்தினால் சனம் கூவும், கதிரை உடையும். "யாழ்ப்பாணத்திலை என்னளவு படம் பாத்த ஆள் இல்லை" எண்டுவார். ஓம், பாத்தவர்தான். துண்டு துண்டாய்.

அவர் உச்சத்திலை வைச்சிருக்கிறது ஒரு ராசா ராணிப் படம். அதிலை மதனமாலா எண்டொருத்தி, இளவரசனுக்கு வைச்ச நஞ்சுப் பாலைத் தான் குடிச்சுச் சாவாளாம். அப்ப பெண்சாதி நல்லம்மாக்கா வயித்திலை பிள்ளையோடை, தியேட்டருக்குப் போகேலாது. இவர் வந்து கதை சொல்ல, அவ அழுதழுது, பிறந்த பொம்பிளைப் பிள்ளைக்கு அந்தப் பேரையே வைச்சவ.

போன ஞாயிறு அந்த மகளின்ரை பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாள், நானும் போனனான். வாடகைக்கு வீடியோ டெக் எடுத்தினம். தியாகலிங்கத்தார் தேடித் தேடி அந்தப் படத்தையே எடுப்பிச்சார். பட்டப்பகலிலை யன்னல் எல்லாம் சாத்தி, எங்களுக்கு வேர்த்து ஒழுகுது.

கிணத்தடிப் பாட்டு வந்தது. பாடினவள் மதனமாலா இல்லை, வேறை ஒருத்தி.

"உது வேறை கிணறு" எண்டார்.

பிறகு மதனமாலா பால்செம்போடை வந்தாள். "இப்ப பாருங்கோ, குடிக்கப் போறாள்!"

அவள் குடிக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு இளவரசனுக்குப் பருக்கினாள். நஞ்சைக் கலந்ததே அவள்தான்.

மருமோன் கனகலிங்கம் மனிசியைத் திரும்பிப் பாத்தான். "இனி உம்மடை கையாலை பால்தேத்தண்ணி வேண்டாமப்பா."

வீடு கொல்லெண்டு சிரிச்சுது. மகள் சிரிக்கேல்லை. "அப்பா, இவளின்ரை பேரையே எனக்கு வைச்சனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை, நான் பாத்தனான். செம்பைத் தூக்கினவள்…"

"பிறகு?" எண்டன் நான். என்ரை வாய் சும்மா கிடவாதே.

"பிறகு அந்த றீல் முடிஞ்சுது. கடைசி றீலைக் குடுத்த உடனை, முதல் றீலுகளைக் கட்டிக்கொண்டு நான் திரும்ப வேணும், அடுத்த காட்சிக்கு…" நிப்பாட்டினார். "ஆனா அவள் விழுந்ததைப் பாத்தனான். வாயிலை நுரை வந்தது. நான் பாக்காட்டி அது எங்கையிருந்து வந்தது?"

எங்களை ஒவ்வொருத்தராய்ப் பாத்தார். அந்த நுரையை அவர் சொல்லக் கேட்டு நானும் ஒருக்கால் கண் கலங்கினனான்.

ரீவியிலை சேவகர் மதனமாலாவுக்கு விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போறாங்கள். நல்லம்மாக்கா எழும்பிப் போய்ச் சத்தத்தை முழுக்கக் குறைச்சா. திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்திலை இருந்தா.

"ம், சொல்லுங்கோப்பா. செம்பைத் தூக்கினவள். பிறகு?" எண்டு மனிசனைக் கேட்டுப்போட்டு, கண் துடைக்கச் சீலைத் தலைப்பைக் கையிலை எடுத்து வைச்சுக்கொண்டா.