அழுவதற்கும் அரைப்பேர்

போன ஞாயிறு பிற்பகல் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நத்தார் விழா – கிறிஸ்மஸ் கொண்டாட்டம். மாதா கோயில் மண்டபத்தில் படம் போட, பதுளையிலிருந்து வீடியோ டெக்கைச் சுமந்துகொண்டு போனேன்.

பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். ஒரு கஞ்சக் கிழவனை நத்தார் இரவில் ஆவிகள் வந்து உலுக்கும் கதை. வசனங்களைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு.

முன்வரிசையில் சவரிமுத்து ஐயா. ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. கொழுந்து கொஞ்சம் நிறை குறைந்தாலும் முழு நாள் வேலையை அரை நாளாகப் பதிந்தவர். தோட்டத்தில் அதற்குப் பெயர் அரைப்பேர். அவர் போட்ட அரைப்பேர்களை யாரும் மறக்கவில்லை.

திரையில் கிழவன் எரிந்து விழும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் – "ஐயா, ஒங்க அண்ணன் வந்துட்டாரு!" மண்டபமே சிரித்தது.

பிறகு அந்தக் காட்சி. இருட்டறை. போர்வைக்குள் ஒரு பிணம்.

"இந்த மனிதருக்காக அழ ஒருவருமில்லை" என்றேன்.

சவரிமுத்து ஐயா எழுந்துவிட்டார். "நிப்பாட்டுங்க சேர்."

நிறுத்தினேன். அவர் சனங்களின் பக்கம் திரும்பினார்.

"நான் செத்தா யாராச்சும் அழுவீங்களா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 'என்னங்க ஐயா இப்புடிப் பேசுறீங்க' என்று ஒருவராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

மௌனம்.

ஒரு சாவு என்றால் லயத்து வீடெல்லாம் கூடி ஒப்பாரி வைக்கும் தோட்டம் அது! ஒப்புக்காவது ஒரு பொய் சொல்லக்கூடாதா?

கடைசியில் கொழுந்து பறிக்கும் ஞானம்மா எழுந்தாள்.

"அழுவோங்க ஐயா. ஆனா அரைப்பேருதான்."

சிரிப்பு வெடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் விழுந்துவிடுவாரோ? அவரோ மெதுவாகக் கேட்டார்:

"முழுப்பேருக்கு என்னா செய்யணும்?"

"மொதல்ல ஒக்காருங்க. அந்தக் கெழவன் என்னா செய்யிறான்னு பாப்போம்."

உட்கார்ந்தார். மிச்சப் படத்துக்கு ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் –

"சேர், அவன் திருந்துன எடத்த இன்னொருக்கா போடுவீங்களா?"

போட்டேன். யாரும் எழுந்து போகவில்லை. ஞானம்மாவும்தான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த மௌனம் காதுக்குள் இரைந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"நான் செத்தால் நீர் அழுவீரோ?"

"அதை அப்ப பாப்பம். முதல்ல செருப்பை வெளியில கழட்டுங்கோ!"

குனிந்து பார்த்தேன். செருப்போடு கூடத்தில் நிற்கிறேன்... என் வாழ்நாளில் முதல் தடவை.

எனக்கும் அரைப்பேர்தான் போலிருக்கிறது.