நிலாவரையில் போட்ட தேசிக்காய்

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தேசிக்காய் வாங்கினேன். எலுமிச்சைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பையிலிருந்த ஓட்டையால் ஒன்று நழுவி, உருண்டு, வீதி மதகுக்குள் போய்விட்டது. வேறு யாராவது என்றால் போனது போகட்டும் என்று நடந்திருப்பார்கள். நான் வீதியைக் கடந்து, மதகின் மறுபக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன அண்ணை, அங்காலை வருமெண்டு நிக்கிறியளோ?” என்று மரக்கறி விற்கும் பெண் கேட்டார். வெட்கத்தில் “இல்லை, சும்மா” என்று நழுவினேன். “வந்தா எடுத்து வைக்கிறன்!” என்று பின்னால் சிரிப்புக் கேட்டது.

அவருக்கு எப்படித் தெரியும், எனக்குக் கலியாணம் நடந்ததே ஒரு தேசிக்காயால் என்று?

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படைக்குத் தாகமெடுத்தபோது இராமர் வில்லை ஊன்ற, தண்ணீர் வந்த இடமாம். அதற்கு அடியில்லை என்பது எங்கள் பெருமை. மாட்டோடு ஒரு வண்டில் உள்ளே போய்விட்டது, உச்சி வெயிலில் காது கொடுத்தால் மாட்டுச் சதங்கை கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். நானும் காது கொடுத்தேன். கேட்டது என் வயிற்று இரைச்சல்தான். ஆனாலும் ஓடிவிட்டேன். இன்னொரு கதை, அதில் போடும் தேசிக்காய் நிலத்துக்குக் கீழால் ஓடி, எத்தனையோ மைல் தள்ளிக் கடலோரம் இருக்கும் கீரிமலைக் கேணியில் வெளிவரும் என்பது. போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். எடுத்தவர் ஒருவரையும் தெரியாது.

போர் முடிந்து, கீரிமலைப் பாதை மறுபடி திறந்த புதிது. எனக்கு முப்பத்து நாலு வயது, அச்சுவேலியில் ஓர் இரும்புக் கடையில் வேலை. ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணைக் கோயிலில் தற்செயலாகக் கண்டதுபோல் காண்பது எங்கள் வழக்கம். பெண்ணும் தாயும் கீரிமலைக் கோயிலுக்கு வருவார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் வாடகை வானில் என்னை ஏற்றிக்கொண்டு, தற்செயலாக, அங்கே வருவார். முடிவு அவர் கையில்.

கூச்சத்தில் அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன்.

“வேலை பிடிச்சிருக்கோ?”

“ஓம்.”

“குடிக்கிறனீரோ?”

“ஓம்... ஐயோ, இல்லை ஐயா!”

வழியில் நிலாவரையடியில் வானை நிறுத்தினார். கனடாவில் தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவர் அவர். தண்ணீர் எங்கே போகும், எங்கே போகாது என்பதுதான் அவருடைய சோறு. “அடியில்லாத கிணறு உலகத்திலை இல்லைத் தம்பி” என்றார். எனக்கு எங்கிருந்தோ ரோசம் வந்தது.

“சின்னனிலை நான் போட்ட தேசிக்காய் கீரிமலையிலை வந்தது.”

அன்று நான் சொன்ன முதல் முழு வசனம். அதுவும் பொய்.

“நீர் கண்டனீரோ?”

“ஓம்.”

அவர் கோயிலுக்குக் கொண்டுவந்த அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, அக்கா மகளான மருமகள் சரோஜாவின் பெயருக்குப் பேனையால் ‘ச’ என்று எழுதிக் கிணற்றில் போட்டார். “இது வந்தா உம்மடை கதை சரி. வராட்டி, பொய்யனுக்கு என்ரை மருமகளைக் குடுக்கமாட்டன்.” உடனே அக்காவுக்கும் தொலைபேசியில் சொன்னார்: “‘ச’ எண்டு எழுதிப் போட்டிருக்கிறன். கேணியைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ.”

பின் ஆசனத்தில் என் மடியில்தான் அர்ச்சனைத் தட்டு. இன்னொரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் ‘ச’ கீறினேன். வான் முழுக்க மணம்.

“என்னடாப்பா தேசிக்காய் மணக்குது?”

“கண்ணாடிக்கு முன்னாலை கட்டியிருக்கிறன் ஐயா” என்றார் சாரதி, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி. அவர் குலம் வாழ்க.

குதிரை முகத்தோடு பிறந்த இளவரசி ஒருத்தி கீரிமலைத் தண்ணீரில் முழுகித்தான் மனித முகம் பெற்றாளாம். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீரும் ஒருக்கா முழுகும், நட்டமில்லை” என்றார். அங்கே ஆண்களுக்கு ஒரு கேணி, மதிலுக்கு அப்பால் பெண்களுக்கு ஒன்று. நான் கால் கழுவுவதுபோல் குனிந்து, தேசிக்காயைப் படியோரத் தண்ணீரில் விட்டேன்.

“ஐயா, அங்கை பாருங்கோ!”

எடுத்தார். ‘ச’. எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து அவருடைய அக்கா ஓடிவந்தார். “தம்பி! வந்திட்டுது! பொம்பிளையளின்ரை கேணியிலை! சரோதான் முதல் கண்டவள்!” அவர் கையில் இன்னொரு தேசிக்காய். அதிலும் ‘ச’.

மாமா இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தார். ஒன்று நகத்தால் கீறியது. மற்றது கண்மையால் எழுதிப் பாதி அழிந்தது. பேனை எழுத்து எதிலும் இல்லை. தாய்க்குப் பின்னால் நின்ற சரோஜா என் நகத்தைப் பார்த்தாள். நான் அவள் விரலிலிருந்த கறுப்பைப் பார்த்தேன். நாங்கள் பெண் பார்த்ததும் மாப்பிள்ளை பார்த்ததும் அவ்வளவுதான். முகங்களைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொண்டோம்.

“நீ ஏன் பிள்ளை?” என்றார் மாமா.

“நாலு சம்பந்தம் சாதகத்தாலை தட்டிப்போச்சு மாமா. அஞ்சாவது ஒரு தேசிக்காயாலை தட்டிப்போகவோ?”

அதைக் கேட்டபின் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. “முதல் பொய் என்ரைதான் ஐயா. சின்னனிலை போட்டனான். வந்ததோ எண்டு பாக்கப் போகேல்லை.”

மாமா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு. “அக்கா, கட்டி வையுங்கோ. ரெண்டு கள்ளரும் ரெண்டு வீட்டைக் கெடுக்காமல் ஒரு வீட்டோடை போகட்டும்.”

பின்பு ஒரு காலம் நிலாவரைக்குள் கருவி இறக்கி, அடியைக் கண்டுவிட்டார்கள். எங்கள் பெருமை அன்றோடு போயிற்று. மாமா மட்டும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கனடாவிலிருந்து பேசுவார்.

“காய் வந்ததோ?”

“வழியிலை மாமா.”

போன பொங்கலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசினார். குரல் நூலாகிவிட்டது. அதே கேள்வி.

“ஓம் மாமா, நேற்று வந்தது. பேனை எழுத்து அப்பிடியே கிடக்கு.”

மூச்சு வாங்கச் சிரித்தார். “கள்ளன்.”

இந்தப் பொங்கலன்று தொலைபேசி அடிக்கவில்லை. சரோஜா அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.