பத்து எண்ணுவதற்குள்

பத்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் ஒரு காலை. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஒரு பக்கம் உப்புப் பாத்தி, மறுபக்கம் உப்பைக் குவிக்கும் மேடு. பெண்கள் கூடை சுமந்து வரிசையாகச் சாலையைக் கடக்கும்போது சிவப்புத் துணி பிடிப்பது என் வேலை. நொடிக்கு ஒன்றாகப் பதினைந்து எண்ணுவேன். அதற்குள் கடைசிப் பெண் கடந்துவிட வேண்டும். அன்று கடைசியில் வந்தது என் மனைவி.

தூரத்துப் போலீஸ் தடுப்பில் நின்றிருந்த கார் அப்போதுதான் நகர்ந்தது. ஊர்ந்துதானே வருகிறது என்று துணியை உயர்த்தாமலே வரிசையைப் போகச் சொல்லி, "ஒண்ணு" என்றேன். ஏழு எண்ணும்போது கார் பக்கத்தில் தெரிந்தது. பத்தில் பிரேக் அலறியது. சிந்திக் கிடந்த உப்பில் டயர் வழுக்கியது. என் மனைவியின் கூடை பானெட் மேல் கவிழ்ந்தது. அவளுக்கும் காருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

எங்கள் மேஸ்திரி காரோட்டியை வெளியே இழுத்துப் போட்டு, சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"தடுப்புல நின்னுட்டுதாங்க வந்தேன். எழுபதுதான் இருக்கும்."

"நூத்தி இருபதுல வந்துட்டு பொய் வேற சொல்றான் பாரு" என்றார் மேஸ்திரி.

கூடியவர்கள் கை ஓங்கிவிட்டார்கள். நான் பானெட்டில் கொட்டியிருந்த உப்பிலேயே விரலால் கணக்கு எழுதினேன். தடுப்பிலிருந்து டயர் தடம் தொடங்கும் மின்கம்பம் வரை இரண்டு கம்ப இடைவெளி, நூறு மீட்டர். நான் எண்ணியது பத்து. சராசரி நொடிக்குப் பத்து மீட்டர். நின்ற வண்டி சீராக வேகம் கூட்டி வந்தால் கடைசி வேகம் அதில் இரு மடங்கு, இருபது. மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். நொடிக்கு நொடி இரண்டு மீட்டர் வேகம் ஏறியிருக்கிறது. பள்ளியில் முடுக்கம் என்று படித்தது.

"அவர் சொல்றது நெசம். நின்ன வண்டிதானேன்னு விட்டது நான்தான்."

"கணக்குல பெயிலானவன் சொல்றான், கேளுங்கப்பா" என்றார் மேஸ்திரி.

"பாஸுதாங்க. முப்பத்தஞ்சு."

யாரும் சிரிக்கவில்லை. சாவி காரோட்டியின் கைக்குத் திரும்பியது. என் மனைவி மட்டும் கேட்டாள்: "யோவ், என்னைக் கொல்லப் பாத்தது நீதானா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரோட்டி அடி வாங்கியிருப்பார், நான் தப்பித்திருப்பேன். மெதுவாக நகரும் எதைப் பார்த்தாலும் இன்றும் எனக்குள் எண்ணிக்கை ஓடுகிறது.

மறுநாள் சிவப்புத் துணியை என் மனைவி பிடித்தாள். நான் கூடை சுமந்தேன்.